பள்ளிக்குப் பின்புறம்

மைக் இல்லாத மீட்டிங்கை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குத் தெரியாது. பதினெட்டு வருஷமாக உளுந்தூர்பேட்டை வட்டாரத்தில் நடந்த மீட்டிங்கில் பாதிக்கு மேல் மைக் செட் கட்டியவன் நான். கட்சி மீட்டிங், கரும்பு விவசாயிகள் மீட்டிங், பால் சொசைட்டி மீட்டிங், எதுவானாலும் முதல் நாளே ஆள் வந்து சொல்லிவிட்டுப் போவான். நான் போய் மரத்தில் ஹாரன் கட்டுவேன். ஆம்ப்ளிபயரைத் தட்டி, 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்' என்பேன். அதற்கப்புறம்தான் அது மீட்டிங். கொடி கிடையாது, போர்டு கிடையாது, மைக் கிடையாது, யாரிடமும் விசாரிக்கவும் முடியாது என்றால் அது என்ன மீட்டிங்? அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கி நின்றபோது எனக்கு அந்த நர்ஸ் மேல்தான் கோபம் வந்தது.

நர்ஸ் பெயர் கமர் ஜஹான். ஆறு மாசத்துக்கு முன்னால் என் மச்சான் இருசப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த வார்டில் இருந்தவர். மருந்துச் சீட்டின் பின்பக்கம் இரண்டு வரி எழுதி என் சட்டைப் பையில் அவரே வைத்தார். 'ஞாயிறு மாலை 5 மணி, மீட்டிங். உளுந்தூர்பேட்டை பள்ளிக்குப் பின்புறம்.' குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் அங்கே கூடிப் பேசுவார்களாம். பெயர் ஊர் கேட்க மாட்டார்களாம், பைசா வாங்க மாட்டார்களாம். அன்றைக்கு நான் இருந்த இருப்பில் தலையை ஆட்டிவிட்டு அதை ஆம்ப்ளிபயர் பெட்டியில் போட்டேன். ஆறு மாசம் அது அங்கேயே கிடந்தது.

இருசப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்ததற்குக் காரணம் நான். ஆடி மாசம் எலவனாசூர்கோட்டையில் கூழ் ஊற்றுகிற திருவிழா. நான் மரத்து மேல், அவன் கீழே. 'லைன் ஆஃப் பண்ணிட்டேன், ஒயரப் புடி' என்றேன். நான் ஆஃப் பண்ணவில்லை. பண்ணியதாகத்தான் நினைத்தேன். குடித்தவனுக்கு நினைத்ததும் செய்ததும் ஒன்றாகத்தான் தெரியும். அவன் உயிர் பிழைத்தது பெரிய விஷயம். வலது கையில் மூன்று விரல் இன்றைக்கும் மடங்குவதில்லை. சோற்றை இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறான்.

என் பெண்டாட்டி செவ்வந்தி அவனுக்கு அக்கா. தம்பியை ஆஸ்பத்திரியில் இருந்து அழைத்துக்கொண்டு அப்படியே கச்சிராயபாளையத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். அந்த ஊரைத் தாண்டினால் கல்வராயன் மலை ஏற்றம். மலையடிவாரத்தில் ஒரு முனியப்பன் கோயில் இருக்கிறது. குடிக்கிறவர்களைக் கூட்டிவந்து அங்கே கயிறு கட்டுவார்கள். பூசாரி எலுமிச்சம்பழத்தை அறுத்து, எத்தனை மாசம் என்று கேட்பார். சொன்ன கணக்குக்குக் கறுப்புக் கயிறு மணிக்கட்டில் ஏறும். கயிறு இருக்கிறவரை ஒரு சொட்டு தொட்டாலும் ரத்தம் கக்கிச் சாவான் என்பது நம்பிக்கை. நானும் நம்பினேன். ஆறு மாசம் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கட்டினார்கள். செவ்வந்தி என்னோடு எங்கள் ஊர் களமருதூருக்குத் திரும்பி வந்தாள்.

இது எனக்கு நாலாவது கயிறு. முதல் கயிறு ஒரு மாசம், அடுத்தது மூன்று மாசம், அடுத்ததும் மூன்று மாசம். ஒரு கயிற்றையும் நான் மீறியதில்லை, அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். கயிறு அவிழ்த்த அன்றைக்கே, விட்ட நாளுக்கும் சேர்த்துக் குடித்தேன். போன தடவை அவிழ்த்த அன்று வீட்டுக் கதவை உதைத்துப் பெயர்த்தேன். இந்தக் கயிறு இந்த ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தோடு முடிகிறது.

செவ்வந்தி காலையிலேயே இரண்டு புடவையைத் துவைத்துக் காயப்போட்டாள். மத்தியானம் அதை மடித்துப் பையில் வைத்தாள். நான் மறுபடியும் ஒரு கயிறு கட்டிக்கொள்கிறேன் என்றேன்.

"கட்டாத," என்றாள். "கயிறு கட்டன நாள்லேர்ந்து நீ இன்னா பண்ற தெரியுமா? அவுக்கிற நாள எண்ணிக்கினு இருக்க. ஒரு நாளும் விட்டவனாட்டம் இல்ல நீ. லீவுக்குக் காத்துக்கினு இருக்கறவன் மாதிரி இருக்க."

உண்மைதான். போன ஒரு வாரமாகத் தூக்கத்தில்கூட நாக்கு அந்த ருசியைத் தேடிக்கொண்டிருந்தது. உளுந்தூர்பேட்டைக்கு வந்து ஆறே கால் மணி கள்ளக்குறிச்சி பஸ்ஸில் தான் போவதாகவும், இந்தத் தடவை நான் குடித்தால் கூப்பிட வரவேண்டாம் என்றும், வந்தாலும் இருசப்பன் கையைக் கழுவிவிடுகிற வேலை தனக்கு இருக்கிறது, திரும்பி வர மாட்டேன் என்றும் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் ஆம்ப்ளிபயர் பெட்டியைக் கவிழ்த்து அந்தச் சீட்டைத் தேடி எடுத்தேன். மீட்டிங்குக்குப் போகிறேன் என்றேன். செவ்வந்தி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீட்டிங் என்று சொல்லிவிட்டுப் போய் எத்தனை நாள் வீட்டு வாசலில் விழுந்து கிடந்திருக்கிறேன்? அந்த வார்த்தை எங்கள் வீட்டில் எப்போதோ செல்லாமல் போய்விட்டது.

பள்ளிக்குப் பின்புறம் என்றால் எந்தப் பள்ளி? உளுந்தூர்பேட்டையில் பள்ளிக்கூடத்துக்கா பஞ்சம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆண்கள் பள்ளிக்கூடத்துக்குத்தான் முதலில் போனேன். முன்பக்கம் பூட்டு. பின்பக்கம் சாக்கடையும் சுவரும். சுவரில் 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதியிருந்த இடத்தில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இவர்களாக இருக்குமோ என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன். அவர்கள் வேலையை முடித்துக்கொண்டு லாரியில் ஏறிப் போய்விட்டார்கள்.

அங்கே நிற்கும்போது எங்கேயோ மைக் சத்தம் கேட்டது. என் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிட்டது, என்ன செய்ய, பழக்கம். இரண்டு தெரு தள்ளி ஒரு கல்யாண மண்டபம். வாசலில் வாழை மரம். காது குத்து. மைக் செட் போட்டிருந்தவன் அரங்கநாதன், என்னோடு தொழில் கற்றவன், என்னோடு குடிக்கக் கற்றவனும் அவன்தான். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து தோளில் கை போட்டான். முதலில் என் மணிக்கட்டைத்தான் பார்த்தான்.

"இன்னியோட முடியுது இல்ல மாமா? நானும் எண்ணிக்கினுதான் இருந்தேன். ஒனக்குன்னு ஒரு பாட்டில் ஜெனரேட்டர் ரூம்ல வெச்சிருக்கேன். வெளக்கு வெச்சதும் வந்துடு. அதுக்கு முன்ன வாணாம், முனியப்பன் கோச்சிக்கும்."

அவன் கெட்டவன் இல்லை. ஒரு பண்டிகைக்கு அழைக்கிற மாதிரிதான் அழைத்தான். ஜெனரேட்டர் ரூம் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டீசல் வாடைக்கு நடுவில் இன்னொரு வாடை வந்தது. இத்தனை தூரத்தில் அது எப்படி எனக்கு மட்டும் வந்தது என்று தெரியவில்லை. வாயெல்லாம் ஊறிவிட்டது. மண்டபத்துக் கடிகாரத்தில் நாலு மணி பத்து நிமிஷம். வேலை இருக்கிறது, வருகிறேன் என்றேன். வருகிறேன் என்றுதான் சொன்னேன். அப்போது என் மனசில் இருந்ததும் அதுதான், பொய் சொல்ல மாட்டேன்.

வெளியே வந்து வேகமாக நடந்தேன். பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. அங்கே போய் ஒவ்வொரு வீட்டு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். ஆம்பிளைகள் கூடிப் பேசுகிற சத்தம் எங்காவது கேட்கிறதா என்று நின்று நின்று காது கொடுத்தேன். சந்து முனையில் முறம் வைத்துக்கொண்டு உளுந்து புடைத்த ஒரு அம்மாள் எழுந்து வந்தார். பள்ளிக்கூடத்து ஆயா வேலை பார்க்கிறவராம், பெயர் தைலம்மாள் என்று பின்னால் அவரே சத்தம் போட்டுத் தெரு முழுக்கச் சொன்னார்.

"பொம்பளப் புள்ளைங்க படிக்கிற ஸ்கூல் பின்னாடி இன்னாய்யா தேடற? அஞ்சு நிமிஷமா பாக்கறேன், வூடு வூடா எட்டிப் பாத்துக்கினு போற?"

மீட்டிங் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஏது மீட்டிங், எந்தக் கட்சி, யார் வரச் சொன்னார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. குடியை விடுகிற மீட்டிங் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதைச் சொல்ல என் வாய் வரவில்லை. நடுத்தெருவில் வேட்டி அவிழக் கிடந்திருக்கிறேன், அப்போதெல்லாம் வராத வெட்கம் அப்போது வந்தது. அவர் முறத்தை ஓங்கினார். நான் ஓட்டமும் நடையுமாகச் சந்தைவிட்டு வெளியே வந்தேன். போலீஸில் சொல்வேன் என்று பின்னால் கத்தினார். ஆறு மாசமாகக் குடிக்காமல் இருந்து நான் வாங்கிய பரிசு அது.

இன்னொரு பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே பின்பக்கம் வெறும் கரும்பு வயல். மணி நாலே முக்கால். கயிற்றுக்கு அடியில் தோல் அரித்தது. இனி தேட முடியாது, இருந்தால் இருக்கட்டும், நர்ஸ் எழுதியது பொய்யாகவே இருக்கட்டும் என்று பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பி நடந்தேன். உண்மையைச் சொன்னால், மீட்டிங் கிடைக்கவில்லை என்பதில் உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. நான் தேடினேன், கிடைக்கவில்லை, இனி யார் என்னைக் குற்றம் சொல்ல முடியும்? மண்டபம் அந்த வழியில்தான் இருந்தது.

வழியில் ஜாபர் பாய் டீக்கடை. ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த நேரம் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். இரண்டு ஹாரன். தெற்குப் பக்கத்து ஹாரன் கரகரத்தது. உள்ளே செம்புக் கம்பி சுற்றிய காயில் போய்விட்டது, யூனிட்டைக் கழற்றிச் சுற்ற வேண்டும் என்று என் மூளை ஒரு பக்கம் கணக்குப் போட்டது. ஜாபர் பாய் என் கையில் டீயைக் கொடுத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை உதறித் தலையில் கட்டினார். உள்ளே இருந்த அவருடைய மனைவி காசிம் பீவியிடம் சொன்னார்:

"பள்ளிக்குப் போய்ட்டு வந்துர்றேன். கடையப் பாத்துக்க."

"ஞாயித்துக்கெழம இன்னா பள்ளிக்கூடம் பாய்?" என்று கேட்டேன். ஒரு வாய் ஏலக்காய் டீயை உறிஞ்சிவிட்டுச் சும்மாதான் கேட்டேன்.

அவர் சிரித்தார். "பள்ளிக்கூடம் இல்லீங்க, பள்ளி. தொழப் போறேன்."

டீ என் கையில் சிந்திவிட்டது. பள்ளி. பள்ளிவாசல். சீட்டு எழுதியது யார்? கமர் ஜஹான். அந்த அம்மாள் வாயில் பள்ளி என்றால் எது என்று நான் ஒரு நிமிஷம் யோசித்தேனா? ஸ்கூல் பஸ்ஸில் எழுதியிருக்கிற பள்ளியைத்தான் எனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு ஊரில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கெல்லாம் பின்னால் போய் முறத்தடி வாங்கப் பார்த்தேன். எழுந்து ஓடினேன். டீக்குச் சில்லறை கொடுத்தேனா என்றுகூட நினைவில்லை.

பள்ளிவாசல் தெரு எனக்குத் தெரியாத தெரு இல்லை. அந்தத் தெருவில்தான் சாதுல்லா பாய் கடை. ஹாரன் யூனிட் கெட்டுப்போனால் காயில் சுற்றிக் கொடுப்பவர். ஆறு வருஷமாக அவர் கவுன்ட்டரில் நின்றிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடை ஷட்டர் இறங்கியிருந்தது. பின்பக்கச் சந்துக்குள் போனேன். பள்ளிவாசலின் பின்சுவர், ஒரு முருங்கை மரம், அதற்கடுத்து ஒரு கதவு. கதவுக்கு வெளியே ஏழெட்டு ஜோடி செருப்பு. உள்ளே ஒருவர் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் கதவு எந்தக் கடைக்குப் பின்கதவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. சுவரோரம் பழைய ஹாரன்கள் அடுக்கியிருந்தன. அவற்றில் இரண்டு என்னுடையவை. ஒருவர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார், அது சாதுல்லா பாய்தான். 'வாங்க' என்றார், அவ்வளவுதான். என் கையில் ஒரு கப் டீயைக் கொடுத்தார். நான் அதைக் குடிக்காமல் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, பேசுகிறவரைப் பார்த்தேன்.

பேசிக்கொண்டிருந்தவர் காசிநாதன் என்று ஒரு லாரி டிரைவர். இருவரும் ஒரே ஓட்டலில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருப்போம், முகம் பார்த்த மாதிரி இருந்தது. மகள் வயசுக்கு வந்த அன்று தான் எந்த ஊர்ச் செக்போஸ்ட்டில் விழுந்து கிடந்தார் என்று சொன்னார். குரலை உயர்த்தவில்லை, யாரையும் திட்டவில்லை. கடைசியில், "நான் ஒரு குடிநோயாளி. இன்னிக்கி ஒரு நாள் மட்டும் குடிக்கல. நாளைக்கி இன்னான்னு எனக்குத் தெரியாது" என்று முடித்தார்.

எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. இதற்கா முறத்தடி வாங்கப் பார்த்தேன்? இதற்கா ஊரெல்லாம் ஓடினேன்?

"இன்னாங்க இது?" என்று எழுந்துவிட்டேன். "இன்னிக்கி மட்டும், இன்னிக்கி மட்டும்னு சொல்லித்தாங்க நான் பதினெட்டு வருசமா குடிச்சேன். இன்னிக்கி மட்டும் குடிச்சிக்கிறேன், நாளைலேர்ந்து உட்டுடறேன்னு தெனம் எம் பொண்டாட்டிகிட்ட சொல்வேன். நீங்க அதையே திருப்பிச் சொல்றீங்க?"

வட்டத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஏளனமான சிரிப்பு இல்லை. நானும் சொன்னேன், நானும் சொன்னேன் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். காசிநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லாதவன் அந்த அறையில் ஒருவனும் இல்லை.

சாதுல்லா பாய் சொன்னார்: "அதே வார்த்ததாங்க. குடிக்கிறதுக்குப் பதிலா குடிக்காததுக்குச் சொல்றோம். உடறத நாளைக்கின்னு ஒத்திப் போட்டமே, இப்ப குடிக்கிறத அப்பிடி ஒத்திப் போடறோம். இன்னிக்கி வாணாம், நாளைக்கிப் பாக்கலாம். நாளைக்கி வந்தா அதுவும் இன்னிக்கிதான்."

என்னைப் பேசச் சொன்னார்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை என்றும் சொன்னார்கள். நான் நின்றேன். முன்னால் மைக் இல்லை. பதினெட்டு வருஷமாக நான் மைக்கில் பேசியது ஒரே ஒரு வார்த்தைதான், அதுவே வந்தது.

"ஹலோ," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. "எம் பேரு வேடியப்பன். ஆறு மாசமா குடிக்கல. கயிறு கட்டியிருக்கேன். இன்னிக்கி வெளக்கு வெக்கிற நேரத்தோட முடியுது."

கையைத் தூக்கிக் காட்டினேன். அதற்கப்புறம் இருசப்பனைப் பற்றிச் சொன்னேன். லைன் ஆஃப் பண்ணிவிட்டேன் என்று நான் சொன்னதை, அவன் என்னை நம்பி ஒயரைப் பிடித்ததை. அதுவரை யாரிடமும் அதை அப்படிச் சொன்னதில்லை. போலீஸிடம்கூட ஒயர் பழசு என்றுதான் சொல்லியிருந்தேன். ஆறு வருஷமாக என்மேல் வாடை வந்தபோதெல்லாம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று சாதுல்லா பாயைக் கேட்டேன். நீங்கள் தேடிக்கொண்டு வரவில்லையே என்றார். இங்கே எத்தனை மாசத்துக்குக் கட்டுவீர்கள் என்று கேட்டேன். மாசமெல்லாம் தருவதில்லை, இன்றைக்கு ஒரு நாள்தான் என்றார்.

யாரோ சுவிட்சைப் போட்டார்கள். குழல் விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தது. வெளியே இன்னும் வெளிச்சம் போகவில்லை. ஆனாலும் எனக்கு அது விளக்கு வைத்த நேரம். மணிக்கட்டில் இருந்த கயிறு அந்த நிமிஷம் வெறும் நூலாகிவிட்டது. ஜெனரேட்டர் ரூமின் பாதிக் கதவு கண் முன்னால் வந்தது. உட்கார முடியவில்லை. சட்டென்று வெளியே வந்து செவ்வந்திக்குப் போன் போட்டேன்.

மூன்றாவது மணியில் எடுத்தாள். பஸ் ஸ்டாண்ட் இரைச்சல் கேட்டது.

"செவ்வந்தி, இன்னிக்கி மட்டும்..."

போனை வைத்துவிட்டாள். அவளை என்ன சொல்ல? அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாதா? மறுபடி போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மணி ஆறு ஐந்து.

ஓடினேன். நாற்பத்திரண்டு வயசில் உளுந்தூர்பேட்டை ரோட்டில், சென்னை பஸ்ஸும் திருச்சி லாரியும் ஹாரன் அடிக்க அடிக்க நடுவில் புகுந்து ஓடினேன். பாதி வழியில்தான் காலில் செருப்பு இல்லை என்று தெரிந்தது. மண்டபத்து வாசலைத் தாண்டும்போது அரங்கநாதன் கையைத் தூக்கிக் கூப்பிட்டான். நான் அவனிடம்தான் ஓடி வருகிறேன் என்று நினைத்திருப்பான். நிற்காமல் ஓடினேன். நான் நல்லவனாகிவிட்டேன் என்பதில்லை. நின்றிருந்தால் போய்விட்டிருப்பேன், அது எனக்குத் தெரிந்துதான் நிற்கவில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் கிளம்பி உறுமிக்கொண்டிருந்தது. செவ்வந்தி மூன்றாவது ஜன்னலில் இருந்தாள். மடியில் பை. என்னைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தேன்.

"ஊது," என்றாள்.

எங்கள் வீட்டில் சாயங்காலச் சடங்கு அது. எத்தனையோ நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏமாற்றப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கம்பிக்கு நடுவில் முகத்தை வைத்து ஊதினேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செவ்வந்தி கண்ணை மூடி முகர்ந்தாள். ஒன்றும் இல்லை. கொஞ்சம் ஏலக்காய் டீ வாடை இருந்திருக்கும்.

"நீ முழுசா கேக்கல," என்றேன். "இன்னிக்கி மட்டும் குடிக்க மாட்டேன். அதத்தான் சொல்ல வந்தேன்."

"நாளைக்கி?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு நான் சொல்லாத பதில் இல்லை. சாமி மேல், அம்மா மேல், அவள் தலையில் அடித்தெல்லாம் சத்தியம் செய்திருக்கிறேன்.

"தெரியல," என்றேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் கம்பிக்குள் என் கையை இழுத்து, மணிக்கட்டைத் திருப்பி, கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். பூ கட்டுகிறவள், வாழைநாரை அப்படித்தான் அறுப்பாள். அறுத்ததை வெளியே எறியவில்லை. புடவை முந்தியில் முடிந்துகொண்டாள். எனக்குக் கை வெறுமையாகி, உடம்பெல்லாம் பயம் வந்தது. ஆறு மாசமாக ரத்தம் கக்கிச் சாவாய் என்று மிரட்டிக் காவல் இருந்த முனியப்பன் போய்விட்டார்.

இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் இறங்கவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

"நாளைக்கி இதே நேரத்துக்குப் போன் பண்ணு," என்றாள். "இன்னிக்கி சொன்னதயே சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்த சொல்லாத. நான் எடுக்கறேன்."

பஸ் திரும்பி ரோட்டில் ஏறியது. எலவனாசூர்கோட்டைப் பக்கம் அது மறைகிற வரை நின்றேன். சட்டைப் பையில் போன் அடித்தது. அரங்கநாதன். அடிக்கட்டும் என்று விட்டேன். நின்றுவிட்டு மறுபடியும் அடித்தது. செருப்பு இல்லாமல் களமருதூர் பஸ்ஸில் ஏற முடியாது என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, மண்டபம் இருக்கிற தெருவை விட்டுவிட்டுச் சுற்று வழியாகப் பள்ளிக்குப் பின்புறம் போனேன்.

செருப்பு அங்கேயே இருந்தது. உள்ளே காசிநாதனும் இன்னும் இரண்டு பேரும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் நாற்காலியை மட்டும் எடுக்கவில்லை. அதற்கு அடியில் இருந்த என் கப்பை யாரோ ஒரு தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். டீ ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது. உட்கார்ந்து அதைக் குடித்தேன்.